ஒரே வயதுப் பிரிவு, பதினொரு மாத இடைவெளி: சிறுவர் விளையாட்டில் பிறந்த தேதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையின் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, பெரம்பூர் பகுதிகளில் மாலை நேரக் கால்பந்துப் பயிற்சிக்கு உதவி வருகிறேன். செலக்‌ஷன் முடிந்து பெயர்ப் பட்டியல் வெளியாகும் நாட்களில் பெற்றோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. பட்டியலில் இடம்பெறாத பிள்ளைகளில் பலர் ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் என்பதைப் பெற்றோரே கவனித்துவிட்டுக் கேட்பதும் உண்டு. அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பொறந்த தேதிக்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் சார்?

சிறுவர் போட்டிகள் அனைத்தும் வயதுப் பிரிவுகளாகவே நடக்கின்றன. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கட்-ஆஃப் தேதி உண்டு. அது ஜனவரி 1 என்றால், ஜனவரி 2-இல் பிறந்த பிள்ளையும் அதே ஆண்டு டிசம்பர் 30-இல் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில் வருவார்கள். காகிதத்தில் இருவருக்கும் ஒரே வயது. உண்மையில் இருவருக்கும் இடையே கிட்டத்தட்ட ஓர் ஆண்டு இருக்கிறது.

முப்பது வயதில் இந்த ஓராண்டுக்குப் பொருள் இல்லை. பத்து வயதில் அது அந்தப் பிள்ளை வாழ்ந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு. அந்த வயதில் ஒரு சிறுவன் ஆண்டுக்குச் சுமார் 5 முதல் 6 செ.மீ. வளர்கிறான், வளர்ச்சி வேகம் பிடிக்கும் பதின்மூன்று, பதினான்கு வயதில் அது 8 முதல் 10 செ.மீ. வரைகூடப் போகும். உயரம், எடை, ஓட்டத்தின் வேகம், பந்தை உதைக்கும் பலம் ஆகியவற்றோடு, சொன்னதைப் புரிந்துகொண்டு பொறுமையாகச் செய்யும் பக்குவமும் இந்த இடைவெளியில் கூடுகிறது. ஒரே பிரிவுக்குள் மூத்த பிள்ளைகளுக்கு இதனால் கிடைக்கும் அனுகூலத்தை ஆய்வாளர்கள் ‘சார்பு வயது விளைவு’ என்கிறார்கள்.

இது யாராவது கணக்கெடுத்துச் சொன்னதா, இல்ல சும்மா பேச்சா?

நாற்பது ஆண்டுகளாகக் கணக்கெடுத்துச் சொல்லப்படுவதுதான். கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடைய மனைவி பவுலாவும் 1980-களின் தொடக்கத்தில் ஓர் இளையோர் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைப் பார்க்கச் சென்றிருந்தனர். ஆட்டக்காரர்களின் விவரம் அச்சிட்ட தாளைப் படித்த பவுலா, அவர்களில் பெரும்பாலோர் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பிறந்திருப்பதைக் கவனித்தார். அதன்பின் பார்ன்ஸ்லி குழுவினர் பல அணிகளின் பிறந்த தேதிகளைத் திரட்டி 1985-இல் ஆய்வை வெளியிட்டனர். உயர்நிலை இளையோர் அணிகளில், ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்களைப் போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு இருந்தனர். அங்கே கட்-ஆஃப் தேதி ஜனவரி 1.

2005-இல் வெர்னர் ஹெல்சன் தலைமையிலான குழு, பத்து ஐரோப்பிய நாடுகளின் இளையோர் கால்பந்து அணிகளைப் பரிசீலித்து, மூத்த பிள்ளைகள் பக்கம் அதே சாய்வைக் கண்டது. கூடைப்பந்து, கைப்பந்து, ரக்பி, டென்னிஸ் ஆகியவற்றிலும் அளவு கூடியோ குறைந்தோ இது பதிவாகியிருக்கிறது.

அப்ப ஜனவரில பொறந்த ராசிக்காரங்களுக்கு விளையாட்டு யோகம் இருக்குன்னு சொல்லலாமா?

சொல்ல முடியாது. அதற்கு மிகத் தெளிவான சான்று இருக்கிறது. பெல்ஜியத்தில் இளையோர் கால்பந்தின் கட்-ஆஃப் முன்பு ஆகஸ்ட் 1 ஆக இருந்தது. 1997-இல் அது ஜனவரி 1-க்கு மாற்றப்பட்டது. அதற்கு முன் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் பிறந்தவர்கள் அணிகளில் நிறைந்திருந்தார்கள். தேதி மாறிய பிறகு அந்த இடத்தை ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் பிடித்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் 1980-களின் இறுதியில் இதே போன்ற மாற்றம் நடந்து, அதே போன்ற விளைவு தெரிந்தது. பள்ளி ஆண்டைப் பின்பற்றிச் செப்டம்பர் 1-ஐ கட்-ஆஃப் ஆக வைத்திருக்கும் இங்கிலாந்தின் கால்பந்துப் பயிற்சிக் கழகங்களில் இன்றும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பிறந்தவர்களே அதிகம்; ஆகஸ்டில் பிறந்தவர்கள் குறைவு.

நட்சத்திரமோ பருவகாலமோ காரணமாக இருந்திருந்தால், ஒரு சுற்றறிக்கையில் தேதியை மாற்றியதும் அனுகூலம் இன்னொரு மாதத்துக்குப் போயிருக்காது. பெரியவர்கள் நிர்வாக வசதிக்காகப் போட்ட ஒரு கோட்டின் விளைவு இது. கோட்டை நாம் போட்டோம் என்றால் அதன் பாதிப்பைக் குறைக்கும் பொறுப்பும் நமக்கு இருக்கிறது என்பதையே நான் ஒவ்வொரு பெற்றோரிடமும் வற்புறுத்துகிறேன்.

எந்த விளையாட்டுக்கு எந்தத் தேதிய பாக்கணும்?

கால்பந்தில் உலக அளவிலான போட்டிகளுக்கு ஜனவரி 1. தடகளத்தில் 18, 20 வயதுக்குட்பட்டோர் பிரிவுகளுக்கு, போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று உள்ள வயதே கணக்கு. ஆகவே அங்கும் ஜனவரிப் பிள்ளையே மூத்தவர். சதுரங்கத்திலும் ஜனவரி 1. கிரிக்கெட்டில் இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் செப்டம்பர் 1-ஐ வைத்திருக்கிறது. ஆகவே அக்டோபரில் பிறந்த ஒரு சிறுவன் கால்பந்துப் பிரிவில் இளையவனாகவும், அதே வாரம் கிரிக்கெட் பிரிவில் மூத்தவனாகவும் இருப்பான்.

குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏறும் பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள் உள்ளன. பதினான்குக்கும் பதினேழுக்கும் இடையே மூன்று ஆண்டுகள் இருப்பதால், பதினான்கு வயதைத் தாண்டிய முதல் ஆண்டில் ஒரு பிள்ளை தன்னைவிட இரண்டு, மூன்று வயது மூத்தவர்களோடு மோத நேர்கிறது. முதலமைச்சர் கோப்பையில் பள்ளிப் பிரிவு 12 முதல் 19 வயது வரை நீள்கிறது. அங்கே பிறந்த மாதத்தைவிடப் பிறந்த ஆண்டே பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். ஒவ்வோர் ஆண்டும் சுற்றறிக்கை வந்ததும் பி.டி. ஆசிரியரிடம் தேதியைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கோச்சுங்க ஏன் இதக் கவனிக்க மாட்டேங்கிறாங்க? வேணும்னே பண்றாங்களா?

வேண்டுமென்றே யாரும் செய்வதில்லை. ஒரே காலையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வந்து நிற்கும் டிரையல்ஸில், ஆளுக்குச் சில நிமிடங்கள் மட்டுமே பார்த்து இருபது பேரை எடுக்கும்போது, கண்ணில் முதலில் படுவது வேகமும் உடற்கட்டும்தான். அடுத்த மாதம் நடக்கும் போட்டியில் ஜெயித்தாக வேண்டும் என்ற நெருக்கடியும் பயிற்சியாளருக்கு இருக்கிறது. இன்று வலுவாக இருக்கும் பிள்ளையை எடுப்பது அந்த மாதத்துக்குச் சரியான முடிவு. ஐந்து ஆண்டுக்குப் பின் யார் நன்றாக ஆடுவார்கள் என்ற கேள்விக்கு அது விடையாகாது.

பாதிப்பு அங்கேயே நின்றுவிட்டால்கூட வருத்தம் சிறியது. தேர்வான பிள்ளைக்கு நல்ல பயிற்சியாளர், சீரான மைதானம், வாரத்தில் கூடுதல் நாட்கள், வெளியூர் ஆட்டங்கள், காலில் நல்ல பூட்ஸ், வீட்டில் மரியாதை என்று எல்லாம் கூடுகிறது. விடுபட்ட பிள்ளை தெருவிலும் லாரி நிற்காத நேரத்தில் காலி மனையிலும் ஆடுகிறது. இரண்டு ஆண்டு கழித்து இருவரையும் மறுபடி பார்க்கும்போது, முதல் பிள்ளை உண்மையாகவே சிறந்த ஆட்டக்காரராக ஆகியிருக்கும். முதலில் வெறும் பதினொரு மாத வளர்ச்சியாக இருந்த வேறுபாடு இப்போது திறமையின் வேறுபாடாகவே மாறிவிட்டது. ‘பார்த்தீர்களா, அன்று நான் எடுத்தது சரிதான்’ என்று பயிற்சியாளருக்கும் தோன்றும். இதனால்தான் இந்தச் சாய்வு தன்னைத் தானே மறைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது.

வயதைச் சொன்னால் மட்டும் போதாது, அது கண்ணில் பட வேண்டும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2017-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், ஆட்டக்காரர்களைத் தேடும் தேர்வாளர்களிடம் ஓர் இளையோர் ஆட்டத்தைக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறந்த தேதிகளைத் தாளில் எழுதிக் கொடுத்தபோதும் மூத்த பிள்ளைகளுக்கே சாதகமாக மதிப்பிட்டார்கள். சட்டை எண்களை வயது வரிசைப்படி கொடுத்து அதைத் தேர்வாளர்களிடம் சொன்னபோது அந்தச் சாய்வு மறைந்தது. இதற்குப் பணம் செலவாகாது. எங்கள் பகுதியில் எந்த டிரையல்ஸிலும் செய்யலாம்.

எங்க பையன் பிப்ரவரிதான் சார், ஆனாலும் டீம்லயே அவன்தான் குட்டை. அப்ப இது பொய்தானே?

பொய் இல்லை, நீங்கள் இன்னொரு காரணத்தைத் தொடுகிறீர்கள். பிறந்த தேதி ஒன்று, உடல் முதிர்ச்சி வேறொன்று. பதின்மூன்று வயதுச் சிறுவர்கள் ஒரு வரிசையில் நின்றால், அவர்களுடைய எலும்பு முதிர்ச்சியின் வேறுபாடு நான்கைந்து ஆண்டுகள் வரைகூட இருக்கலாம். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும். அவனோடு அதே வாரத்தில் பிறந்தவன் இன்னும் குழந்தை முகத்தோடு இருப்பான். வளர்ச்சி வேகம் பிடிக்கும் வயது குடும்பத்துக்குக் குடும்பம் மாறுவதால், பிப்ரவரியில் பிறந்தும் தாமதமாக வளரும் பிள்ளை பின்தங்குவான். நவம்பரில் பிறந்தும் சீக்கிரம் வளரும் பிள்ளை தேர்வாகிவிடுவான்.

பத்து, பதினொரு வயதில் பிறந்த மாதம் பெரிதாகத் தெரியும். பன்னிரண்டு முதல் பதினைந்து வரை உடல் முதிர்ச்சியின் கை ஓங்கும். இரண்டும் ஒரு பிள்ளைக்கே எதிராகச் சேர்ந்துவிட்டால், அதாவது டிசம்பரில் பிறந்து தாமதமாகவும் வளர்ந்தால், அந்தப் பிள்ளையை மைதானத்தில் தக்கவைப்பதுதான் எங்கள் வேலையில் மிகக் கடினமானது.

கைல எக்ஸ்ரே எடுத்து வயசு பாக்குறாங்களே, அதுல இதெல்லாம் சரியாயிடாதா?

ஆகாது. அந்தச் சோதனையின் நோக்கம் வேறு. இந்தியக் கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்கு மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து, டானர்–ஒயிட்ஹவுஸ் என்ற முறையில் எலும்பு வயதை, அதாவது எலும்பின் வளர்ச்சி எந்த வயதுக்கு உரியது என்பதைக் கணிக்கிறது. ஃபிஃபா 2009 முதல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறது. இரண்டும் வயதைக் குறைத்துக் காட்டுபவர்களைத் தடுப்பதற்காக வந்தவை. பிரிவுக்குள் நேர்மையாக வரும் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் உள்ள இடைவெளியை அவை தொடுவதில்லை. முந்தைய பதிலில் சொன்னபடி எலும்பு முதிர்ச்சி ஆளுக்கு ஆள் மாறுவதால், உண்மையான சான்றிதழ் வைத்திருந்தும் சீக்கிரம் வளர்ந்த காரணத்தாலேயே ஒரு பிள்ளை அந்தச் சோதனையில் தவறிவிடக்கூடும் என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

பொம்பளப் புள்ளைங்களுக்கும் இப்படித்தானா?

உண்டு, ஆனால் பொதுவாக அளவு குறைவு. பெண் பிள்ளைகளுக்கு வளர்ச்சி வேகம் சராசரியாகப் பன்னிரண்டு வயதிலேயே, சிறுவர்களைவிட இரண்டு ஆண்டு முன்னதாக வந்துவிடுகிறது. அணிக்குப் போட்டியிடுபவர்களின் எண்ணிக்கையும் குறைவு. ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற சிலவற்றில் சிறிய உடலே உதவுவதால் சாய்வு இல்லாமலோ தலைகீழாகவோ போகலாம்.

எங்கள் பகுதியில் பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை பிறந்த மாதத்தைவிடப் பெரிய தடை, வயதுக்கு வந்தவுடன் மைதானத்துக்கு அனுப்புவதை நிறுத்துவது. சீக்கிரம் வளர்ந்த பெண் பிள்ளை, எந்த வளர்ச்சி அவளுக்கு ஆட்டத்தில் அனுகூலமாக இருக்க வேண்டுமோ, அதே காரணத்தால் வீட்டோடு நின்றுவிடுகிறாள். தயவுசெய்து அனுப்புங்கள்.

பாக்ஸிங், கேரம் இதுலயும் பொறந்த மாசம் பாக்குமா?

குத்துச்சண்டையில் எடைப் பிரிவு இருக்கிறது. ஒரே எடையுள்ள இருவர்தான் மோதுகிறார்கள் என்பதால், பிறந்த மாதத்தின் பலன் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. பிரான்ஸின் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றிய ஆய்விலும் வழக்கமான சாய்வு காணப்படவில்லை. ராயபுரம், காசிமேடு பகுதிகளில் தலைமுறைகளாகக் குத்துச்சண்டை ஊன்றியிருப்பதால், கால்பந்தில் ‘உடம்பு பத்தாது’ என்று திருப்பி அனுப்பப்பட்ட சிறுவர்களுக்கு அது நல்ல இடம் என்றே நினைக்கிறேன். ஆனால் எடையைக் குறைப்பதற்காகப் பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது.

கேரமில் உயரமும் தசையும் ஆட்டத்தைத் தீர்மானிப்பதில்லை. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பெண் என்பதை இங்குள்ள பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். இத்தகைய ஆட்டங்களில் சிறு வயதில் கவனமும் பொறுமையும் மாதக்கணக்கில் வேறுபடலாம். அந்த இடைவெளியைப் பயிற்சியால் சீக்கிரம் நிரப்பிவிட முடியும்.

வருஷக் கடைசில பொறந்து பெரிய ஆளானவங்க யாருமே இல்லையா?

இருக்கிறார்கள். இந்தியக் கால்பந்து அணிக்கு ஆடிய நம் சென்னையின் நந்தகுமார் சேகர் 1995 டிசம்பர் 20-இல் பிறந்தவர். கிரிக்கெட்டின் செப்டம்பர் கணக்குப்படி, ஜூலை 7-இல் பிறந்த தோனி பிரிவின் கடைசிப் பகுதியில் வருபவர். செப்டம்பர் 17-இல் பிறந்த அஷ்வின் முதல் பகுதியில் வருபவர். தனித்தனிப் பெயர்களை வைத்து எந்தப் பக்கமும் வாதாடலாம் என்பதால் பெயர்கள் நிரூபணம் ஆகாது. ஆயிரக்கணக்கான தேதிகளை ஒன்றாகப் பார்க்கும்போதுதான் சாய்வு தெரியும்.

இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. தேர்வுகளில் எப்படியோ தாக்குப்பிடித்த இளைய பிள்ளைகள், மேல்நிலைக்குப் போனபின் மூத்தவர்களை முந்துவது ஐஸ் ஹாக்கி, ரக்பி, கிரிக்கெட் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. தன்னைவிடப் பெரிய உடல்களோடு ஆடிப் பழகியதால் பந்தைக் கையாளும் நுணுக்கமும், முன்கூட்டியே யோசிக்கும் பழக்கமும், மன உறுதியும் வளர்ந்திருக்கும் என்று விளக்கம் தருகிறார்கள். ஆனால் ‘கஷ்டப்பட்டால்தான் பிள்ளை தேறும்’ என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். தாக்குப்பிடித்த சிலரை மட்டும் பார்த்துப் பேசுகிறோம்; நடுவில் விட்டுப்போன பலரின் பெயர் எந்த ஆய்விலும் இல்லை.

சர்டிபிகேட்ல ஒரு வருஷம் குறைச்சுப் போட்டா என்ன? எல்லாரும்தானே பண்றாங்க.

செய்யாதீர்கள். பிறப்புச் சான்றிதழைத் திருத்தி மோசடி செய்வது குற்றம். இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2020-இல் அறிவித்த விதிப்படி, பிடிபட்டால் இரண்டு ஆண்டு தடை. அந்தத் தடை வருவது பதினாறு, பதினேழு வயதில்; பிள்ளையின் மிக முக்கியமான இரண்டு ஆண்டுகள் போய்விடும். பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் ஆகியவற்றில் ஒன்றுக்கொன்று முரண்பட்ட தேதி விளையாட்டை விட்ட பின்னும், வேலைக்குப் போகும்போதும் துரத்தும்.

நியாயம் என்ற பக்கமும் இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு ஓராண்டு குறைத்தால், டிசம்பரில் பிறந்து நேர்மையாக வந்து நிற்கும் பக்கத்துத் தெருப் பிள்ளை பதினொரு மாதத்துக்குப் பதில் இருபத்துமூன்று மாதம் மூத்தவனோடு மோத வேண்டும். இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் அநீதியை நீங்களே இரட்டிப்பாக்குகிறீர்கள்.

அடுத்த குழந்தை ஜனவரில பொறக்குற மாதிரி டாக்டர்கிட்ட தேதி கேக்கலாமா?

வேண்டாம். தாயின் உடல்நிலையும் குழந்தையின் வளர்ச்சியும் மட்டுமே பிரசவத் தேதியைத் தீர்மானிக்க வேண்டும். விளையாட்டுக்கு விளையாட்டு கட்-ஆஃப் வேறு, அது எப்போது வேண்டுமானாலும் மாற்றப்படலாம் என்பதை மேலே பெல்ஜியம் பற்றிச் சொன்ன இடத்தில் பார்த்தோம்.

எங்க அப்பா காலத்துல எல்லாருக்கும் ஜூன் மாசம்னு ஸ்கூல்ல போட்டுட்டாங்க. நம்ம ஊர்ல இந்தக் கணக்கெல்லாம் செல்லுமா?

மிக நல்ல கேள்வி. பள்ளியில் சேர்க்கும்போது வயது தகைய வேண்டும் என்பதற்காக ஆசிரியரே ஒரு மே அல்லது ஜூன் தேதியை எழுதிவிடும் வழக்கம் முந்தைய தலைமுறையில் பரவலாக இருந்தது. ஆகவே பழைய ஆட்டக்காரர்களின் பதிவுகளை வைத்து நம் ஊரில் மாதக் கணக்குப் போட்டால், பிறந்த மாதம் தெரியாது; பள்ளிச் சேர்க்கையின் மாதம்தான் தெரியும்.

இப்போது நிலைமை வேறு. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். சென்னையில் பெரும்பாலும் மருத்துவமனையிலேயே பிரசவம் நடப்பதால் இன்றைய பிள்ளைகளின் தேதிகள் நம்பத்தக்கவை. எந்தக் கழகமும் தன்னிடம் உள்ள பிள்ளைகளை மூன்று மாதத்துக்கு ஒரு பகுதியாக நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் எத்தனை பேர் தேர்வானார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்க்கலாம். முதல் பகுதியில் பதினொருவர், கடைசிப் பகுதியில் இருவர் என்று வந்தால் அடுத்த செலக்‌ஷனை வேறு விதமாக நடத்த வேண்டும்.

வேற விதமான்னா எப்படி? வெளிநாட்டுல என்ன செய்றாங்க?

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கழகங்கள் சில போட்டிகளில் வயதுக்குப் பதிலாக உடல் முதிர்ச்சியை வைத்துப் பிரிக்கின்றன. பிள்ளையின் உயரம், எடை, வயது, பெற்றோரின் உயரம் ஆகியவற்றிலிருந்து அவன் பெரியவனானதும் எவ்வளவு உயரம் இருப்பான் என்று கணித்து, அதில் 85 முதல் 90 சதவீதம் வளர்ந்தவர்களை ஒன்றாக ஆடவிடுகிறார்கள். சீக்கிரம் வளர்ந்தவனுக்கு வெறும் பலத்தால் ஜெயிக்க முடியாத ஆட்டமும், தாமதமாக வளர்பவனுக்குத் தன் நுணுக்கத்தைக் காட்ட இடமும் கிடைக்கின்றன. பெல்ஜியம், தாமதமாக வளரும் சிறுவர்களுக்கென்றே தேசிய அளவில் தனி இளையோர் அணிகளை அமைத்தது.

நம் மைதானங்களில் அளவு நாடாவும் ஒரு நோட்டும் போதும். மாதத்துக்கு ஒரு முறையாவது வயதை விட்டு, உயரத்தை வைத்து இரண்டு அணி பிரித்து ஆடவிடுங்கள். பதின்மூன்று வயதுக்கு முன் ‘ஏ டீம், பி டீம்’ என்று நிரந்தரமாகப் பிரிக்காமல் இருங்கள். டிரையல்ஸில் வயது வரிசைப்படி எண் கொடுங்கள்.

பதினாலு வயசுல செலக்ட் ஆகலன்னு விட்டுட்டான். இப்ப பதினாறு, திடீர்னு வளந்துட்டான். மறுபடி கூட்டிட்டு வரலாமா?

கூட்டி வாருங்கள். ஆண்டின் கடைசியில் பிறந்தவர்களே விளையாட்டை அதிகமாகக் கைவிடுகிறார்கள் என்பது பிரான்ஸின் கால்பந்துப் பதிவுகளில் கண்டறியப்பட்டது. உங்கள் மகன் தனி ஆள் அல்ல. இழந்த இரண்டு ஆண்டுப் பயிற்சியை ஒரே மாதத்தில் ஈடுகட்ட நினைக்க வேண்டாம். வேகமாக உயரம் கூடிய காலத்தில் முழங்காலிலும் குதிகாலிலும் வலி வருவது சகஜம் என்பதால், முதல் சில வாரங்கள் ஓட்டத்தையும் குதிப்பதையும் மெதுவாகக் கூட்ட வேண்டும். வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்த வயதில் மாவட்ட அணிக்கு நேரே போவது கடினம். சென்னை லீகின் கீழ் டிவிஷன்களில் ஆடும் கழகங்களில் கேட்டுப் பாருங்கள். அங்கே பதினாறு வயதுப் பையனும் இருபத்தைந்து வயதுக்காரரும் ஒன்றாக ஆடுவதால், பிறந்த மாதத்தை யாரும் கேட்பதில்லை. வரும்போது பிறப்புச் சான்றிதழ் நகல், ஆதார் நகல், இரண்டு புகைப்படம் எடுத்து வாருங்கள்.